பிள்ளைகளோடு சேர்ந்து மாரத்தானுக்குத் தயாராவது எப்படி? ஆசிரியர்களுக்கு ஓர் ஆசிரியர் எழுதுவது

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு மாரத்தானுக்குத் தயாராவது என்றால் பிள்ளைகளை 42.195 கிலோமீட்டர் ஓட வைப்பது என்று அர்த்தம் இல்லை. அந்தத் தூரம் உங்களுக்கு. அவர்களுக்கு 10 கிலோமீட்டர். ஒரே மைதானம், ஒரே பயிற்சி நாள், ஒரே ரயில் பயணம், ஆனால் இரண்டு தூரம், இரண்டு திட்டம். இதைப் பிரித்து வைக்காமல் ஆரம்பித்தால் ஒன்று பிள்ளைகளுக்குக் கால் கெடும், இல்லையென்றால் உங்கள் பயிற்சி தீபாவளியோடு நின்றுபோகும்.

நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 41 வயதில் ஓடத் தொடங்கினேன். மூன்று வருடமாக 9, 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் போய் வருகிறோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தால் மாதக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வயது விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

நம் நாட்டின் பெரிய மாரத்தான்களில் முழுத் தூரம் ஓட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரை மாரத்தானுக்கும் 10 கிலோமீட்டருக்கும் குறைந்தபட்ச வயது போட்டிக்குப் போட்டி மாறும், பதிவு செய்வதற்கு முன் அதை வாசித்துவிடுங்கள். எவ்வளவு வேகமாக ஓடுகிற பையனாக இருந்தாலும் பிறந்த தேதியை மாற்றிப் போடுவது கூடவே கூடாது. 2006-இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற 4 வயதுக் குழந்தை புரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டர் ஓடியதை நாடே பார்த்தது, நிறைய பேர் கைதட்டவும் செய்தார்கள், அப்புறம் அரசே தலையிட்டு அந்த மாதிரி ஓட்டத்தைத் தடுக்க வேண்டி வந்தது. வளரும் எலும்பு பெரியவர்களின் எலும்பு மாதிரி இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் 1980-களில் ஹாரி ஷபாசியன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை முழு மாரத்தானுக்கே தயார்செய்தார், அது இன்றும் ஒரு பெரிய இயக்கமாக நடக்கிறது. அங்கே விதி வேறு, மருத்துவ வசதியும் வேறு. நமக்கு 10 கிலோமீட்டர் போதும். உண்மையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய தூரம். பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போன பழைய மாணவர்கள் யாராவது கேட்டால் அவர்களை உங்களோடு முழு ஓட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல துணை.

10, 12-ஆம் வகுப்புகளை நான் சேர்ப்பதில்லை. சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று ஜனவரி முழுக்க அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வருகிறேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை மாலையில் வந்து ஓடட்டும், போட்டிக்கு வேண்டாம்.

ஜூனில் செய்ய வேண்டியவை

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உடற்கல்வி ஆசிரியரை முதல் நாளே உள்ளே இழுத்துவிடுங்கள், அவரைத் தாண்டிக்கொண்டு மைதானத்தில் எதையும் தொடங்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் நேரடியாகப் பேசுங்கள். பெண் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் ஓர் ஆசிரியை கட்டாயம் கூட இருக்க வேண்டும், அவர் ஓட வேண்டும் என்றில்லை, மைதானத்தில் இருந்தாலே போதும்.

முதல் வருடம் கூட்டத்தில் ஒரு அம்மா, "வயசுக்கு வந்த புள்ள ரோட்டுல ஓடுனா ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிதான் எழுந்து, "அறிவொளி காலத்துல நாங்க சைக்கிள் கத்துக்கிட்டப்பவும் இதையேதான் சொன்னாங்க, அப்புறம் அந்தச் சைக்கிள்லதான் தண்ணி எடுத்தோம், வேலைக்குப் போனோம், புள்ள ஓடட்டும்" என்றார். 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இருந்த காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாக, எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படிச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அந்த வருடம் எட்டுப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார், கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்து உடம்பைப் பார்ப்பது. இதை ஒரு சடங்காகச் செய்யாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தச்சோகை. எங்கள் முதல் குழுவில் ஒரு பெண் ஒவ்வொரு நாளும் பின்தங்கினாள், இரண்டு சுற்று முடிந்ததும் உட்கார்ந்துவிடுவாள். சோம்பல் என்று நினைத்து ஒருநாள் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் ஹீமோகுளோபின் 8. அந்த அளவில் அவள் இரண்டு சுற்று ஓடியதே பெரிது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதிலிருந்து முதல் வாரமே எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. குறைவாக இருப்பவர்களை மருத்துவரிடம் காட்டுகிறோம், பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்குகிறார்களா என்றும் பார்க்கிறோம். ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், இழுப்பு வந்திருக்கிறதா, வீட்டில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட்டம் இல்லை.

நீங்களும்தான். 40 தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளின் ஓட்டம்

எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். விடியற்காலையில் வா என்றால் வர முடியாது. அதனால் திங்கள், புதன், வெள்ளி மாலையில் பள்ளி விட்டதும் 45 நிமிடம், கடைசி பஸ்ஸைத் தவறவிடாதபடி. ஞாயிறு காலை, பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும்.

எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் விசில் ஊதியதும் நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி பாய்ந்துவிடும். அப்புறம் 300 மீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதை மாற்றுவதுதான் முதல் இரண்டு மாத வேலை, வேறு எதுவும் இல்லை. நான் கண்டுபிடித்த வழி வாய்ப்பாடு. ஓடிக்கொண்டே 13-ஆம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். வரிக்கு நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறை. பாட்டாகவே பாட முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம். கருவி எதுவும் வேண்டாம், 13-ஆம் வாய்ப்பாடும் மனப்பாடம் ஆகிவிடுகிறது.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மூன்றாவது வாரம் இரண்டுக்கு இரண்டு. ஆறாவது வாரம் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடை. காலாண்டுத் தேர்வு வரும்போது ஒன்பது நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்க வந்துவிடும், அதுவே ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நடப்பதைக் கேவலமாக நினைக்கும் பையன்கள் இருப்பார்கள், அவர்களுக்காகவே நீங்களும் அதே நிமிடத்தில் நடக்க வேண்டும். நவம்பரில் 8, டிசம்பரில் ஒரே ஒரு முறை 10. அவ்வளவுதான், அடுத்த 10 சென்னையில்.

எங்கள் மைதானம் ஒரு சுற்று 200 மீட்டர். 10 கிலோமீட்டருக்கு 50 சுற்று, பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். அதனால் ஆகஸ்ட் முடிந்ததும் கண்மாய்க்கரைக்கும் தைலமரக் காட்டுப் பாதைக்கும் மாறிவிடுவோம். செம்மண் தரை, தாரைவிடக் காலுக்கு இதம். முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர், கடைசியாக ஓடும் பிள்ளைக்குப் பின்னால்தான் நீங்கள் வர வேண்டும். அந்த மூன்று நாளும் பிள்ளைகளின் வேகம்தான் உங்கள் வேகம். பயிற்சி வீணாகிறதே என்று கவலைப்படாதீர்கள். மாரத்தானுக்கு வேண்டிய ஓட்டத்தில் பெரும்பகுதி இப்படி மெதுவாகத்தான் இருக்க வேண்டும். தனியாக ஓடியிருந்தால் நான் கட்டாயம் வேகமாக ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டிருப்பேன்.

வலி பற்றிப் பிள்ளைகளிடம் முன்பே பேசிவிடுங்கள், குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைப்பார்கள். தொடை வலி, கெண்டைக்கால் பிடிப்பு இரண்டு நாளில் போய்விடும். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேடு போல் இருக்கும் இடத்தில் தொட்டால் வலி, குதிகாலில் வலி, கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் ஒரே இடத்தில் சுருக்கென்று வலி, இவற்றில் முதல் இரண்டும் வேகமாக உயரும் வயதில் வரும். எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிறுத்தியிருக்கும் பிள்ளைக்கு நேரம் குறிக்கும் வேலையைக் கொடுங்கள், வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மாதவிடாய் நாளில் ஓடலாமா என்ற கேள்வி வரும். ஓடலாம், முடியவில்லை என்றால் வேண்டாம், முடிவு அவளுடையது. அதைக் காரணம் சொல்லி விடுப்புக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் ஆசிரியை பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஓட்டம்

ஜூலையில் நிற்காமல் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓட முடிந்தால் ஜனவரியில் மாரத்தான் ஓடலாம். முடியாவிட்டால் இந்த வருடம் பிள்ளைகளோடு 10 ஓடுங்கள், அடுத்த வருடம் முழுசு.

வாரத்தில் மூன்று மாலை பிள்ளைகளோடு, செவ்வாய் அல்லது வியாழன் காலை தனியாக 6 முதல் 10 கிலோமீட்டர், ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிறு தூரம் எனக்கு இப்படிப் போனது: ஜூலையில் 6, 8, 9, மறுபடி 7; ஆகஸ்டில் 10, 12, 13, 10; செப்டம்பரில் 14, 16, 18, 12; அக்டோபரில் 20, 22, 16, 24; நவம்பரில் 26, 28, 20, 30; டிசம்பர் முதல் ஞாயிறு 20, அடுத்தது 32, பிறகு 22, பிறகு 12, அதற்கடுத்த ஞாயிறு போட்டி. இடையிடையே இறங்குவதை விட்டுவிடாதீர்கள், உடம்பு அந்த வாரத்தில்தான் தேறுகிறது. நான் முதல் வருடம் அதைத் தாண்டிக் குதித்து, முன் எலும்பு வலியில் மூன்று வாரம் உட்கார்ந்தேன்.

இந்த நீண்ட ஓட்டத்தில்தான் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதிகாலை 4 மணிக்குத் தனியாகத் தொடங்கி, ஆறேகாலுக்குப் பள்ளி வாசலுக்கு வந்து சேரும்படி கணக்குப் போடுங்கள். அங்கே பிள்ளைகள் நிற்பார்கள். கடைசி 4, 5 கிலோமீட்டர் அவர்களோடு. உங்களுக்குக் கால் கனத்திருக்கும், அவர்கள் புதுசாக இருப்பார்கள். மைதானத்தில் எப்போதும் சொல்லிக்கொடுக்கிற ஆள் அன்றைக்கு மூச்சுவாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவர்கள் நடந்துகொள்வதே மாறிவிடும். "சார், மெதுவாவே வாங்க, நாங்க இருக்கோம்" என்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான், வகுப்பில் வாயே திறக்காதவன்.

32 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நாங்கள் சித்தன்னவாசல் போவோம். பள்ளியிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர், போய்த் திரும்பினால் கணக்குச் சரி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் அரசு கொடுத்த மிதிவண்டியில் உடற்கல்வி ஆசிரியரோடு வருவார்கள். முன்கூடையில் தண்ணீர், வாழைப்பழம், முதலுதவிப் பெட்டி. இருட்டில் ஓட வேண்டியிருந்தால் வெள்ளைச் சட்டை, டார்ச், வாகனத்தை எதிர்கொள்ளும்படி சாலையின் வலது ஓரம். பிள்ளைகள் வெளிச்சம் வந்தபிறகு சேர்ந்துகொண்டால் போதும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனை, ஓட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தூறலில் ஓடலாம், இடி மின்னலில் கூடாது. கண்மாய்க்கரை வழுக்கும். அந்த வாரங்களில் பள்ளி மாடிப்படி ஏறி இறங்குவது, வராந்தாவில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரில் சாய்ந்து குதிகாலைத் தூக்கி இறக்குவது, இவை போதும். அரையாண்டு விடைத்தாள் திருத்தும் வாரம்தான் உங்களுக்கு 32-க்குப் பிந்தைய ஓய்வு வாரமும், அதனால் நன்றாகவே பொருந்தும். ஆனால் இரவு 1 மணி வரை உட்கார்ந்து திருத்தாதீர்கள், தூக்கம் குறைந்தால் எல்லாம் போச்சு.

சாப்பாடு, தண்ணீர், காலணி

அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். நம் பிள்ளைகளில் பலர் காலையில் ஒரு டம்ளர் டீயோடு வந்து, மதியம் சத்துணவு சாப்பிட்டு, மாலையில் ஓட வருகிறார்கள். வெறும் வயிற்றில் ஓட வைக்காதீர்கள். ஓடுவதற்கு அரை மணிக்கு முன்னால் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் சுண்டலோ அவித்த முட்டையோ கடலை மிட்டாயோ. இதற்கான பணத்தைத்தான் முதலில் திரட்ட வேண்டும், பனியனுக்கு இல்லை. முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பும் வேண்டும். மோரில் உப்பு, எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும், இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் வயிறு கெடும். மணிக்கணக்காக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம் வரும். யாராவது தள்ளாடினாலோ குழறிப் பேசினாலோ நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.

காலணி பற்றிக் கேட்டால், 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபேபே பிகிலா வெறுங்காலில் ஜெயித்தார், சரிதான். ஆனால் அவர் சின்ன வயதிலிருந்து அப்படி ஓடியவர், நாம் ஓடப்போவது சென்னைத் தார்ச்சாலை. பிள்ளைகளுக்கு விலை உயர்ந்தது வேண்டாம், முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, குதிகால் வழுக்காத ஓட்டக் காலணி போதும். அடுத்த மாதம் கால் வளர்ந்துவிடும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் பெற்றோரைத் தடுங்கள். போட்டிக்கு என்று புதிதாக எதையும் போடக் கூடாது. உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ.

சென்னைக்குப் போகும்போது

ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன் திறந்ததும் எடுத்துவிடுங்கள். பொங்கல் நெருங்குகிற நேரம், விட்டால் கிடைக்காது. நாங்கள் வெள்ளி இரவு ராமேஸ்வரத்திலிருந்து வரும் வண்டியில் ஏறி சனிக்கிழமை காலை எழும்பூர். அன்றைக்கே மார்பில் குத்தும் எண் அட்டையை வாங்க வேண்டும், வரிசை நீளம். கடற்கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால் மாலை முழுக்க மணலில் விளையாட விடாதீர்கள், மறுநாள் கால் இருக்காது. இரவு 8 மணிக்குள் சாப்பாடு, தெரிந்த சாப்பாடு.

முழு ஓட்டம் விடியுமுன் இருட்டிலேயே தொடங்கிவிடும், பிள்ளைகளுடையது பிறகு. அவர்கள் உங்களுக்கு மணிக்கணக்கில் முன்னாலேயே முடித்துவிடுவார்கள். ஆகவே அன்றைக்குப் பிள்ளைகளின் பொறுப்பு உங்களிடம் இருக்கக் கூடாது. உடற்கல்வி ஆசிரியரும் ஆசிரியையும் கட்டாயம் வர வேண்டும், எங்கே கூடுவது என்று சனிக்கிழமையே இடத்தைக் காட்டிவிட வேண்டும், ஒவ்வொரு எண் அட்டையின் பின்னாலும் ஆசிரியையின் கைபேசி எண், ரத்த வகை. இதில் ஒன்று சரியில்லை என்றால்கூட நீங்கள் முழு ஓட்டத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு 10 ஓடுங்கள்.

ஐந்தரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி. எங்கள் பிள்ளைகளே இதை வகுத்து என் முன்கையில் பேனாவால் எழுதிவிடுவார்கள், 10-இல் எத்தனை மணி, 20-இல் எத்தனை மணி என்று. முதல் 10 அதைவிட வேகமாகப் போனால் நீங்கள் தப்பு செய்கிறீர்கள். 30-க்கு மேல் தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்து கால் கல்லாகும். அது வராமல் இருக்க முதல் மணி நேரத்திலிருந்தே அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் பேரீச்சையோ வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, ஞாயிறு ஓட்டங்களில் தின்று பழகிய அதே பொருள். தண்ணீர் மேசை வரும்போதெல்லாம் நடந்துகொண்டே குடியுங்கள்.

ஞாயிறு இரவு வண்டி ஏறினால் திங்கள் பள்ளி. மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் யாரும் ஓட வேண்டாம், நடந்தால் போதும். அதற்குள் பிள்ளைகளுக்குக் காலணி சிறிதாகியிருக்கும். வாங்கித் துவைத்து, செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தி, உள்பக்கம் அளவை எழுதி அலமாரியில் அடுக்கிவையுங்கள். ஜூனில் அடுத்த குழு வரும்போது பாதிப்பேருக்கு அதிலேயே கிடைத்துவிடும்.